ஒன்பதரை மணி பஸ்

எங்கள் வேனில் பன்னிரண்டு இருக்கைகள். மூன்று நாள் சுற்றுலா. முதல் நாள் பழைய தலைநகரத்துக் கோட்டையும் அரண்மனையும், இரண்டாம் நாள் பறவை ஏரி, மூன்றாம் நாள் விடியற்காலையில் காடு, இருட்டுவதற்குள் வீடு. பதினோரு வருஷமாக இதே பாதையில் ஆட்களை அழைத்துப் போகிறேன். எந்த வளைவில் வாந்தி வரும், எந்த மண்டபத்தில் செருப்பு தொலையும் என்பது வரைக்கும் எனக்கு அத்துபடி.

அந்தத் தடவை பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே ஏழு, எட்டு என்று இரண்டு இருக்கைகள் போட்டிருந்தது. காலையில் வந்து ஏறியதோ ஒரே ஆள். அறுபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ரெக்ஸின் பை. ஏழில் உட்கார்ந்து பையை எட்டில் வைத்தார்.

"கூட வர்றவங்க எங்க ஐயா?" என்று கேட்டேன்.

"வழியில ஏறிக்குவாங்கம்மா. நாளைக்கு ஏரி தாண்டினதும் ஒரு டவுன் வருதே, அந்த பஸ் ஸ்டாண்டுல. மூணு மணிக்கு."

"அதுவரைக்கும் சீட் காலியாவா வரும்?"

"காலியா எங்க இருக்கு? பை உக்காந்திருக்கே" என்றார், சிரிக்காமல்.

அவருக்குப் பின் வரிசையில் ஒரு தலைமையாசிரியை. ஓய்வு பெற்றுவிட்டாலும் அதட்டல் ஓய்வு பெறவில்லை. இரண்டு முட்டியிலும் வலி. "ஏங்க, பையை மடியில வெச்சுக்கிட்டா நான் கொஞ்சம் அங்க வந்து காலை நீட்டிப்பேன்" என்றார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். அது ஆள் இருக்கற சீட்டு."

டீச்சர் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் பார்க்காத மாதிரி மைக்கைக் கையில் எடுத்தேன்.

முதல் டீக்கடை நிறுத்தத்திலேயே அவர் என்ன வேலை பார்த்தவர் என்பது எங்கள் டிரைவர் வழியாக வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது. டிரைவர் ஓயாமல் பேசுவான். அதனாலேயே அவனுக்கு சைலன்ஸர் என்று பெயர். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தாராம். "மேல போவேன், கீழ வருவேன். குறுக்கால எங்கயும் போனதில்ல தம்பி. இதுதான் முதல் தடவை" என்று சொன்னாராம். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டய்யா ஆகிவிட்டார்.

கோட்டைக்குள் ஒரு பெரிய கிணறு உண்டு. அதன் வாய்க்கல்லில் ஆழமாகத் தடங்கள் இருக்கும். படை வீரர்கள் வாள் தீட்டிய தடங்கள் என்று நான் சொல்வேன். அதைச் சொன்னதும் எல்லோரும் குனிந்து தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றும் எடுத்தார்கள். மற்றவர்கள் அரண்மனைப் பக்கம் நகர்ந்த பிறகும் லிஃப்ட்டய்யா அங்கேயே நின்று ஒரு தடத்தில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடப் போனேன்.

"தப்பா நெனைக்காதம்மா" என்றார் மெதுவாக. "வாள் தீட்டினா தடத்தோட அடி கூரா இருக்கும். இங்க பாரு, விரல் உருண்டையா உக்காருது. கயிறு ஓடின தடம் இது. இந்தப் பக்கம் தண்ணி ஏறியிருக்கு, அந்தப் பக்கம் எதிர் எடை இறங்கியிருக்கு. நம்ம தொழில்தான்."

பதினோரு வருஷம் கதை விட்டிருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன்.

"பத்துப் பேர் முன்னால வெச்சு ஒருத்தரைச் சொல்லக் கூடாதும்மா. அந்தத் தப்பை நான் ஒரு தடவை பண்ணியிருக்கேன். போதும்."

என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் ஏரிக்கரையில் அவராகவே சொன்னார்.

ஏரியில் அந்தப் பருவத்தில் கூழைக்கடாக்கள் வந்து இறங்கியிருந்தன. நடுவிலிருந்த மரத்திட்டு முழுக்கக் கூடுகள். என் பைனாகுலரை வாங்கி, ஒரு கூட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சு ஒன்று தாயின் தொண்டைக்குள் தலையை முழுசாக விட்டு மீனைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது.

"மூச்சு முட்டாதா அதுக்கு?" என்றார்.

"பெத்தவளுக்கு முட்டாதுங்கய்யா."

சிரித்தார். பிறகு பைனாகுலரை இறக்காமலே சொன்னார்: "ஏறப் போறது என் தங்கச்சிம்மா. அப்பா போனப்ப அவளுக்கு எட்டு வயசு, எனக்கு இருபத்திரண்டு. தலை பின்னிவிடறதுல இருந்து பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடறது வரைக்கும் நான்தான். யானை காட்டறேன் யானை காட்டறேன்னு சொல்லியே சோறு ஊட்டியிருக்கேன். காட்டினதில்ல."

"இப்பக் காட்டிடலாம்ங்கய்யா."

"ம்." பைனாகுலரின் வளையத்தைத் திருகினார். "நான் பார்த்த மாப்பிள்ளை வேணாம்னு, போர்டு எழுதற ஒருத்தரோட போயிட்டா. நல்ல மனுஷன்தான். அது அப்ப எனக்குத் தெரியல. ஒரு வருஷம் கழிச்சு நான் வேலை பார்த்த கட்டடத்துக்கு என்னைத் தேடி வந்தா. கீழ்த்தளத்துல அத்தனை பேர் நிக்கறாங்க. நான் லிஃப்ட்டுல இறங்கி வரேன். 'அண்ணா'ன்னா. எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாதுன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிட்டு, கம்பிக் கதவை இழுத்து மூடிட்டு மேல போயிட்டேன். அப்ப கம்பிக் கதவு லிஃப்ட்டுதானே. அந்தக் கம்பி வழியா அவ முகம் கீழ கீழன்னு போயிட்டே இருந்துச்சு. முப்பது வருஷமாச்சும்மா."

தண்ணீரில் ஒரு நாரை இறங்கியது.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவ வீட்டுக்காரர் தவறிட்டாரு. சொல்லி அனுப்பினா. டிக்கெட் வாங்கிட்டேன். பஸ் வந்துச்சு. ஏறல. எந்த முகத்தோட போய் நிக்கறதுன்னு அந்த பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே சாயந்தரம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இது அவளுக்குத் தெரியாது."

"இப்பப் பேசினீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னாடி. நெஞ்சுல கொஞ்சம் கோளாறுன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம்தான் தைரியம் வந்துச்சு, பாரு. போன் போட்டேன். எப்படி இருக்கேன்னேன், இருக்கேன்னா. நேரா வீட்டுக்கு வரேன்னு சொல்ல வாய் வரல. அவ கூப்பிடாம படி ஏறலாமா? அதான் இந்தச் சுற்றுலா. உங்க ஊர் வழியாக் காட்டுக்குப் போகுது, ராத்திரி அங்கதான் தங்கல், உனக்கும் சேர்த்துச் சீட்டுப் போடறேன், வர்றியான்னேன். எத்தனை மணிக்குன்னு கேட்டா. அப்புறம், சரி, ஏறிக்கறேன்னா." பைனாகுலரைக் கண்ணாடியில் விரல் படாமல் என்னிடம் கொடுத்தார். "மூணாவது மனுஷங்க நாலு பேர் கூட இருந்தா பேச்சு சுலபமா இருக்கும்ல?"

"இருக்கும்ங்கய்யா" என்றேன்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே வேன் அந்த பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு இறங்கினார். நேரப் பலகைக்குக் கீழே, எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு இடம் பார்த்து நின்றார். எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை, சைக்கிள் கடை, பாதி ஷட்டர் இறக்கிய தையல் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்தார்.

மூன்றேகால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. போன் போட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. காட்டுக்குள் போகிற கேட்டை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள், அதற்குமேல் யாரையும் விடமாட்டார்கள். வேனுக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தது. டீச்சர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, "ஏம்மா, இது சுற்றுலாவா, பெண் பார்க்கற படலமா?" என்றார். சைலன்ஸர் இன்ஜினைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து என்னைப் பார்த்தான்.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அவர் பக்கத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். வேன் வாசலிலிருந்தே சொன்னேன்: "ஐயா, ஒருத்தருக்காகப் பத்துப் பேரை வெயில்ல வேக வைக்க முடியாது. வர்றதா இருந்தா இந்நேரம் வந்திருப்பாங்க."

வேனில் எல்லோரும் கேட்டார்கள். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வந்து ஏறி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வேன் ஊரைத் தாண்டிய பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "தையல் கடை வெச்சிருக்கா. துணி கேட்டு ஆள் வந்து நின்னா விட்டுட்டு வர முடியுமா, பாவம்."

அன்று சாயங்காலம் காட்டு விடுதியின் சாப்பாட்டு அறையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தார். டீச்சர் பக்கம் திரும்பி, "காலையில ஜீப்புல அந்தச் சீட்டு காலிதான் டீச்சர். நீங்க வந்து காலை நீட்டிக்கலாம்" என்றார். டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அய்யோ, இருக்கட்டுங்க. எனக்கு ஒண்ணும் அவ்வளவு வலியில்ல" என்றார்.

நான் எழுந்து போகும்போது கூப்பிட்டுக் கேட்டார்: "அந்த ஊர்லருந்து காலையில இங்க பஸ் உண்டாம்மா?"

"எட்டு மணிக்குக் கிளம்பும்ங்கய்யா. ஒன்பதரைக்கு இங்க கேட்டுல நிக்கும்."

"நாம காட்டுலருந்து எப்ப வருவோம்?"

"ஒன்பதுக்கெல்லாம் வந்துடுவோம்."

"அப்ப சரி" என்றார். காட்டுக்குள் போன் எடுக்காது. இல்லாவிட்டால் இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். மத்தியானம் கத்தினதற்கு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விடிவதற்கு முன்னால் ஜீப்பில் கிளம்பினோம். குளிர். லிஃப்ட்டய்யா நடு வரிசையில் ஓரத்தில் உட்கார்ந்தார், பக்கத்தில் டீச்சர். ஒரு மணி நேரம் மானையும் மயிலையும் தவிர எதுவும் இல்லை. பிறகு சேற்றுக்குட்டை ஓரத்தில் கூட்டமாக யானைகள். ஏழோ எட்டோ இருக்கும். பேசாதீர்கள், அசையாதீர்கள் என்று கைகாட்டினேன். இன்ஜினை நிறுத்தினார்கள்.

கரை ஏறும்போது குட்டி ஒன்று சேற்றில் சறுக்கிச் சறுக்கி விழுந்தது. தாய் பின்னால் வந்து, தும்பிக்கையையும் முன்காலையும் கொடுத்து அதை மேலே தள்ளியது. பாதி ஏறும், மறுபடி வழுக்கும். நடு வரிசையிலிருந்து லிஃப்ட்டய்யா அடிக்குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "விடாத... தள்ளு... இன்னும் கொஞ்சம்... ஆங்."

குட்டி கரை ஏறியது. எங்களில் யாரோ கையைத் தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள். கூட்டம் முழுதும் மூங்கிலுக்குள் மறைகிற வரைக்கும், இருபது நிமிஷத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். ஜீப் திரும்பிக் குலுங்கியபோது அவர் தலை டீச்சர் தோளில் சாய்ந்தது.

"தூங்கிட்டாருன்னு நெனச்சேன்ம்மா" என்று டீச்சர் பின்னால் சொன்னார். "யானை பார்க்க வந்துட்டுத் தூங்கறாரேன்னு மனசுக்குள்ள சிரிச்சேன்ம்மா நான்."

கேட்டுக்குப் பக்கத்திலேயே வனத்துறையின் ஒரே அறை மருத்துவமனை இருந்தது. இரும்புக் கட்டில், பச்சைத் திரை, சுவரில் பாம்புக்கடிக்கு முதலுதவி எழுதிய அட்டை. சின்ன வயது டாக்டர். கட்டிலில் படுக்க வைத்ததும் தொட்டுப் பார்த்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அங்கயே போயிருச்சுங்க. முக்கால் மணி ஆகியிருக்கும். வலி தெரிஞ்சிருக்காது" என்றார்.

சட்டைப் பையில் சீப்பும் மூக்குக் கண்ணாடியும் மடித்த ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன. காகிதத்தில் ஒரு போன் நம்பர், அதற்கு மேலே 'தங்கச்சி' என்று மட்டும். மருத்துவமனை போனிலிருந்து நான்கு தடவை அந்த நம்பருக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அந்தக் காட்டு ரோட்டில் எந்தப் போனும் அப்படித்தான் சொல்லும் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

வெளியே வந்து கேட்டு ஓரத்துத் திண்டில் உட்கார்ந்தேன். ஒன்பதரை மணி பஸ் வந்து நின்றது. இரண்டு வனக் காவலர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினார். ஐம்பத்தைந்துக்குள் இருக்கும். தோளில் துணிப்பை, கையில் மூடி போட்ட சாப்பாட்டுக் கூடை. இறங்கியதும் தலையைத் தடவிச் சரி செய்துகொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

"இங்க வேன்ல வந்தவங்க எங்க இருக்காங்க? ஒரு பெரியவர், ஒல்லியா இருப்பாரு, லிஃப்ட் வேலை பார்த்தவரு. அவரோட தங்கச்சி நான்."

நான் திண்டிலிருந்து எழுந்து நின்றேன். அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வெட்கத்தோடு சிரித்தபடி கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நேத்து வர முடியல... இல்ல, பொய் எதுக்கு, வேணும்னேதான் வரல. அதை அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன். கோவமா இருக்காரா?"

நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவள் நான். நானூறு வருஷத்துக்கு முன் செத்த ராஜாவின் கடைசி நாளை நேரில் பார்த்த மாதிரி சொல்வேன். அந்த அம்மாவிடம் எனக்குச் சொல்ல வந்தது, "அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்பது மட்டும்தான்.

"ஏன்?" என்றார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் மருத்துவமனை வாசலில் கைகட்டி நின்ற சைலன்ஸரையும், சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த டீச்சரையும் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். கவனமாக, கவிழாமல் வைத்தார்.

"எப்ப?" என்றார்.

"காலையில. ஏழரை இருக்கும்க்கா."

"நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டிருந்தேன்" என்றார்.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றார். அழவில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்க்கிற முகத்தை முதலில் பார்க்காமல் சட்டையைத்தான் பார்த்தார். காலரைத் தொட்டு மடித்துப் பார்த்தார். "காலரைத் திருப்பிப் போட்டுத் தைச்சிருக்கு. கைத்தையல். கோணல் கோணலா... அவரேதான் தைச்சிருக்காரு. தைச்சுக் கொடுக்க ஒரு ஆளில்ல." அப்புறம்தான் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் நின்னாரு நேத்து?"

"நாற்பது நிமிஷம் இருக்கும்க்கா."

"நாற்பத்து மூணு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த கடை என்னுதுதான். ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு உள்ள உக்காந்து ஒரு பேன்ட்டுக்கு மடிப்பு அடிச்சிட்டிருந்தேன். அடிச்சுப் பிரிச்சு, அடிச்சுப் பிரிச்சு." கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு, எடுக்கலாம் எடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கண்ணன் வரட்டும், எங்கண்ணன் வரட்டும்னு பொழுது சாயற வரைக்கும் வெச்சிருந்தேன். வரல. நேத்து அவர் வெயில்ல நிக்கறதைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்துடுச்சு. ஒரு ராத்திரி அவரும் காத்திருக்கட்டுமே, காலையில போய்க்கலாம்னு நெனச்சேன். ஒரே ஒரு ராத்திரிம்மா. அதுக்கு மேல நான் நெனைக்கல."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "நான்தான்க்கா வேனைக் கிளப்பினேன். எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டேன். இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்" என்றேன்.

இல்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு. அவர் ஒண்ணும் பேசாம ஏறினாரே, அதைப் பார்த்ததும் எழுந்துட்டேன். ஷட்டர்ல கை வெச்சேன். வேன் நகர்ந்துடுச்சு. நின்னிருந்தா வந்திருப்பேனோ என்னமோ. தெரியல" என்றார். அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதனால்தான் இன்றுவரைக்கும் அது என்னை விடமாட்டேன் என்கிறது.

ஏரிக்கரையில் அவர் சொன்னதைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குள் ஒரு பெரிய போராட்டம். சொன்னால் இன்னும் வலிக்கும். சொல்லாவிட்டால் என்னோடு போய்விடும். சொல்லிவிட்டேன். டிக்கெட் வாங்கியது, பஸ் வந்தும் ஏறாதது, பெஞ்சிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது எல்லாவற்றையும்.

அவர் முதல் முறையாக அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏண்ணா, இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? போன்லயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று அவரிடமே கேட்டார். உயிரோடு இருப்பவரிடம் கோபிக்கிற அதே குரலில் கேட்டார். டாக்டர் திரைக்கு அப்பால் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ஒரு படிவத்தோடு வந்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தங்கச்சி. கூடப் பொறந்த தங்கச்சி."

"உடம்பை எங்க கொண்டு போகணும்? அவர் விலாசத்துக்கா?"

அவர் விலாசம் ஒரு மொட்டை மாடி அறை. தனி ஆள். எங்கள் பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

"என் வீட்டுக்கு" என்றார் தங்கை. "ஒரு தடவைகூட என் வீட்டுப் படி ஏறினதில்ல அவர். நான் கூப்பிடல, அவர் வரல. இப்பக் கூப்பிடறேன். வரட்டும்."

மற்றவர்களை சைலன்ஸர் திரும்ப அழைத்துப் போனான். வழியில் பார்க்க வேண்டிய குகை ஓவியம் வேண்டாம், நேராக வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள். நான்கு மணி நேர ஓட்டத்தில் சைலன்ஸர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். டீச்சர் தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து லிஃப்ட்டய்யா மேல் போர்த்திவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

நான் தங்கையோடு ஆம்புலன்ஸில் போனேன். காட்டு ரோடு, குலுக்கல். வளைவு வரும்போதெல்லாம் அண்ணனின் தலை ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யானை பார்த்தாரா?" என்று கேட்டார்.

"பார்த்தாருக்கா. குட்டி ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. அம்மா பின்னாலருந்து தள்ளித் தள்ளி ஏத்திச்சு. தள்ளு, விடாதன்னு இவரும் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. அதைப் பார்த்தாரு."

தலையை ஆட்டினார். ஊர் வருகிற வரைக்கும் அண்ணனின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைக்கு மேலே மாடியில் வீடு. மாடிப்படி குறுகல். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. மருந்துக்கடைக்காரரும் சைக்கிள் கடைக்காரரும் வந்து கை கொடுத்து, தலைப்பக்கத்தைக் கைப்பிடிக்கு மேலே தூக்கித் திருப்பினார்கள். "மெதுவா, மெதுவா, இடிச்சிடாதீங்க" என்று தங்கை பின்னாலேயே சொல்லிக்கொண்டு ஏறினார். முன்னறையில் பாதி தைத்த துணிகளைத் தையல் மெஷினோடு ஓரமாகத் தள்ளி இடம் செய்தோம். சுவரோரம் அவர் வீட்டுக்காரர் எழுதிய பழைய பெயர்ப் பலகைகள் சாத்தி வைத்திருந்தன. இன்னொரு மூலையில் ஒரு கட்டில், அதில் புதுப் படுக்கை விரிப்பு, கடையில் மடித்த கோடுகள்கூட இன்னும் நிமிரவில்லை. அதன் மேல் தலையணையும் ஒரு துண்டும். யாருக்காகப் போட்டது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டிலில்தான் அவரைக் கிடத்தினோம்.

மூன்று மணி சுமாருக்குத் தங்கையின் மகன் வந்தான். பால் பண்ணையில் வேலை. ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டான். இருபத்தெட்டு வயது இருக்கும், நெடுநெடுவென்று வளர்ந்தவன்.

"யாரும்மா இது?"

"உன் மாமாடா."

"எந்த மாமா?"

"உனக்கு இருக்கறது ஒரே மாமாதான்."

"நீ சொன்னதே இல்லையேம்மா."

அவன் கட்டிலருகே போய்க் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு விரலால் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டான்.

"என் மூக்கு மாதிரியே இருக்கும்மா. யாரோட மூக்கு இது, உனக்கும் இல்ல, அப்பாவுக்கும் இல்லன்னு கேட்டுக்கிட்டே இருப்பேனே."

அதுவரை தாங்கிக்கொண்டிருந்த அந்த அம்மா அப்போதுதான் உடைந்தார். தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மகன் தானும் கீழே உட்கார்ந்து அம்மாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டான்.

அழுகை சற்று ஓய்ந்த பிறகு அவன் கேட்டான்: "மாமா எப்படிம்மா? என்ன மாதிரி ஆளு?"

அவருக்குத் தெரிந்த அண்ணன் முப்பது வருஷத்துக்கு முந்தியவர். என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க" என்றார்.

எனக்கு அவரோடு இரண்டு நாள் பழக்கம்தான். ஆனால் அந்த அறையில் இன்றைய அவரைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் நாள் காலை அவர் வேனில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தேன். வழக்கமாகச் சேர்க்கிற எதையும் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவன் மாமாவின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.